கிளான்ஸா நீளத்தில் ஒரு ராலி ராட்சசன்! டொயோட்டா ஜிஆர் யாரிஸ் ஏன் இவ்ளோ ஸ்பெஷல்?

டொயோட்டா என்றதும் நம்ம ஊரில் முதலில் ஞாபகம் வருவது இன்னோவாதான். கல்யாண வீடு, திருப்பதி டிரிப், ஏர்போர்ட் டிராப் என எதற்குக் கூப்பிட்டாலும் அலுக்காமல் வந்து நிற்கும் வண்டி. 'உழைக்கும்' என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால், 'ஓட்ட செம ஜாலியா இருக்கும்ப்பா' என்று டொயோட்டாவைப் பற்றி யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது ஜிஆர் யாரிஸ் என்கிற குட்டி காரைப் பற்றி. இதன் நீளம் 3,995 மி.மீ. நம்ம ஊர் கிளான்ஸாவின் நீளம் 3,990 மி.மீ. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா, வித்தியாசம் அரை சென்டிமீட்டர்தான்! ஆனால், கிளான்ஸாவின் பெட்ரோல் எஞ்சின் தருவது 90 பிஎஸ் பவர். 2024-ல் அப்டேட் ஆன ஜிஆர் யாரிஸின் ஜப்பான் மாடல் தருவது 304 பிஎஸ். அதுவும் 1.6 லிட்டர், 3 சிலிண்டர் எஞ்சினிலிருந்து. அந்தப் பவர் நான்கு வீல்களுக்கும் போகிறது.

இந்தியாவில் டொயோட்டா இந்த காரை விற்கவில்லை. அப்புறம் எதுக்கு இதைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்? காரணம் இருக்கிறது. 'ஆல் வீல் டிரைவ்' என்ற பேட்ஜ் இப்போது நம்ம ஊர் எஸ்யூவிகளிலும் வருகிறது. அது என்ன செய்யும், முக்கியமாக என்ன செய்யாது என்பதைப் புரிந்துகொள்ள, இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். எஞ்சினில் எவ்வளவு பவர் என்பதைவிட, அதை எந்த டயருக்கு, எப்போது, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று காட்டுகிற கார் இது.

காரின் ஜாதகம்

- அறிமுகம்: 2020 ஜனவரி, டோக்கியோ ஆட்டோ சலோன். பெரிய அப்டேட்: 2024 ஜனவரி, அதே மேடையில்.
- எஞ்சின்: 1,618 சிசி, 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல்.
- பவர்: 2020 ஐரோப்பிய மாடலில் 261 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர் டார்க். 2024 மாடலில் 280 பிஎஸ், 390 நியூட்டன் மீட்டர். ஜப்பானில் 304 பிஎஸ், 400 நியூட்டன் மீட்டர்.
- எடை: சுமார் 1,280 கிலோ.
- கியர்பாக்ஸ்: 6 ஸ்பீடு மேனுவல். 2024 முதல் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கும் உண்டு.
- 0-100 கி.மீ: முதல் மாடலுக்கு 5.5 விநாடி.
- டாப் ஸ்பீடு: 230 கி.மீ. (எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுடன்).
- கதவுகள்: பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று. சீட்கள்: நான்கு.

ராலிக்காகப் பிறந்த குழந்தை

உலக ராலி சாம்பியன்ஷிப் பற்றி ஒரு வரி அறிமுகம். சர்க்யூட் ரேஸ்போல எல்லா கார்களும் ஒன்றாக வட்டமடிக்காது. பொதுச் சாலைகளை மூடிவிட்டு, ஒவ்வொரு காராக நேரம் வைத்து விரட்டுவார்கள். தார், சரளை, பனி, ஐஸ் என ரோடு எப்படி இருந்தாலும் ஓட்டியே ஆகவேண்டும். டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் நோட்டைப் பார்த்து அடுத்த வளைவைச் சொல்லிக்கொண்டே வருவார்.

1980-ல் ஜெனீவா மோட்டார் ஷோவில் ஆடி குவாட்ரோ வந்தபோது, இந்த விளையாட்டே மாறிப்போனது. அதுவரை, நான்கு வீலுக்கும் பவர் கொடுப்பது ஜீப்புக்கான சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1981-ல் சான்ரெமோ ராலியில் மிஷெல் மூட்டான் குவாட்ரோவை ஓட்டி ஜெயித்தார். உலக ராலி சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் அவர்தான். 1982-ல் தயாரிப்பாளர் பட்டமும் ஆடிக்கே போனது. அதன் பிறகு, நான்கு வீல் டிரைவ் இல்லாமல் ராலியில் பட்டம் கனவு காண்பது வர வர கஷ்டமானது.

லான்சியா டெல்டா, சுபாரு இம்ப்ரேஸா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் எல்லாம் அந்த வரிசைதான். லான்சர் என்றதும் ஒரு கொசுறு... நம்ம ஊரில் ஓடிய லான்சர் செடான் தயாரானது திருவள்ளூர் தொழிற்சாலையில்! அந்தச் சாதுவான செடானின் முரட்டு அண்ணன்தான் ராலி பட்டங்களைக் குவித்த எவல்யூஷன்.

டொயோட்டாவும் சும்மா இல்லை. செலிகா ஜிடி-ஃபோர் காரில் கார்லோஸ் சைன்ஸ் 1990-லும் 1992-லும் உலக சாம்பியன் ஆனார். 1993, 1994 தயாரிப்பாளர் பட்டங்களும் டொயோட்டாவுக்கே. ஆனால் 1995-ல் பெரிய அவமானம். டர்போவுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகத்தில் விதிமீறல் செய்தது பிடிபட்டு, டொயோட்டா அணிக்குத் தடை விதிக்கப்பட்டது. திரும்பி வந்து 1999-ல் கரோலாவோடு பட்டம் வென்றது. பிறகு ராலியை விட்டு ஃபார்முலா ஒன் பக்கம் போனது. 2002 முதல் 2009 வரை அங்கே ஓடியும் ஒரு ரேஸில்கூட முதலிடம் வரவில்லை.

2017-ல் மீண்டும் ராலி. இந்த முறை முன்னாள் உலக சாம்பியன் டொம்மி மாகினன் தலைமையில், ஃபின்லாந்தில் அணி. அடுத்த ஆண்டே தயாரிப்பாளர் பட்டம்! ஆனால் மைதானத்தில் ஜெயித்த யாரிஸுக்கும், ஷோரூமில் நிற்கும் யாரிஸுக்கும் பேரைத் தவிர பெரிய சம்பந்தம் இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஜிஆர் யாரிஸ் உருவானது.

'மோரிஸோ' யார்?

இந்தக் கதையில் ஒரு மனிதரைச் சொல்லாமல் நகர முடியாது. டொயோட்டா நிறுவனக் குடும்பத்து வாரிசு அகியோ டொயோடா. ரேஸில் இறங்கும்போது அவர் வைத்துக்கொள்ளும் பெயர் 'மோரிஸோ'.

டொயோட்டாவின் மூத்த டெஸ்ட் டிரைவராக இருந்தவர் ஹிரோமு நருசே. கார் ஓட்டத் தெரியாமல் கார் பற்றிப் பேசக்கூடாது என்று முதலாளி வீட்டுப் பிள்ளையிடமே நேருக்கு நேர் சொன்னவர். அகியோ கோபித்துக்கொள்ளவில்லை. அவரிடமே சிஷ்யனாகச் சேர்ந்து ஓட்டக் கற்றார். 2007-ல் இருவரும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸுக்குப் போனார்கள். டொயோட்டா பெயரில் அல்ல, 'டீம் காஸூ' என்ற பெயரில். கார்கள்? செகண்ட் ஹேண்ட் அல்டெஸாக்கள்!

மற்ற கம்பெனிகள் இன்னும் சந்தைக்கே வராத புதிய கார்களை அதே டிராக்கில் விரட்டி சோதித்துக்கொண்டிருந்தன. உலகின் மிகப்பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றின் வாரிசு பழைய காரில் அவற்றுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த வலி தனக்குள் தங்கிவிட்டதாக அகியோ பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். நருசே 2010-ல் நூர்பர்க்ரிங் அருகே சோதனை ஓட்டத்தில் நேர்ந்த விபத்தில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு வந்த டொயோட்டா ஸ்போர்ட்ஸ் கார்களைக் கவனியுங்கள். 86 கார், சுபாருவோடு சேர்ந்து செய்தது. புதிய சுப்ரா, பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து செய்தது. ரெண்டுமே நல்ல கார்கள்தான். ஆனாலும், 'நம்ம கையால ஒரு ஸ்போர்ட்ஸ் காரை முழுசா செய்யத் தெரியுமா?' என்ற கேள்வி மிச்சம் இருந்தது. செலிகா ஜிடி-ஃபோருக்குப் பிறகு டொயோட்டாவில் அந்தக் கை வேலையே விட்டுப்போயிருந்தது. ஜிஆர் யாரிஸ் அந்தக் கேள்விக்கான பதில். சோதனைக் கட்டத்தில் அகியோவே இதை ஓட்டி ஓட்டிக் கருத்து சொன்னார்.

4x4 வேற... ஆல் வீல் டிரைவ் வேற!

இப்போது டெக்னிக்கல் ஏரியா. பயப்படாதீங்க, சிம்பிள்தான்.

தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் இருப்பது 'பார்ட் டைம்' 4x4. சாதாரணமாகப் பின் வீல்கள் மட்டும் இழுக்கும். சேறு, மணல் வந்தால் லீவரைப் போட்டு முன் வீல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும்போது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டுவிடும். சேற்றில் அது வரம். காய்ந்த தார் ரோட்டில் வளைந்தால் சிக்கல். ஏனென்றால், வளைவில் முன் வீல்கள் பின் வீல்களைவிடக் கொஞ்சம் அதிக தூரம் போகவேண்டும். பூட்டிக்கிடந்தால் டயர் தேயும், கியர் அமைப்பு திணறும்.

ஆல் வீல் டிரைவில் பூட்டு கிடையாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு கிளட்ச் இருக்கும். பல தட்டுகளை அடுக்கிய இந்த கிளட்ச்சை கம்ப்யூட்டர் இறுக்கும், தளர்த்தும். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஆல் வீல் டிரைவ் வேரியன்ட்களில் இருப்பது இந்த வகைதான். அங்கே நோக்கம் பாதுகாப்பு, கொஞ்சம் கரடுமுரடான ரோடு. ஜிஆர் யாரிஸிலும் அடிப்படை இதேதான். ஆனால் நோக்கம் வேறு.

டயரோட பட்ஜெட் 100 ரூபாய்

ஒவ்வொரு டயருக்கும் கையில் 100 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்த டயரின் பிடிமானம். பிரேக் போட்டால் செலவு. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் செலவு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், பவர் வாங்கும் டயருக்குச் செலவு. ரெண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்தால், ரெண்டுக்கும் அதே பர்ஸிலிருந்துதான் எடுக்கவேண்டும். பணம் தீர்ந்தால் டயர் வழுக்கும். கடன் எல்லாம் கிடையாது!

முன் வீல் டிரைவ் காரில் திரும்புகிற செலவும், இழுக்கிற செலவும் முன் டயர்கள் தலையில். வளைவில் வேகமாக மிதித்தால் முன் டயர் பர்ஸ் காலி. கார் திரும்பாமல் நேராகவே போகப் பார்க்கும். பின் வீல் டிரைவ் காரில் எதிர்ப் பிரச்னை. அதிகம் மிதித்தால் பின் டயர்கள் திவால். பின்பக்கம் வழுக்கி கார் சுற்றும்.

நான்கு டயர்களும் இழுக்கும் செலவைப் பங்கு போட்டுக்கொண்டால்? ஒவ்வொரு டயர் கையிலும் திரும்புவதற்குக் கொஞ்சம் காசு மிச்சம் இருக்கும். ஆல் வீல் டிரைவின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். பங்கை யார் பிரிக்கிறார்கள், எவ்வளவு வேகமாகப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் வித்தியாசம்.

ஜிஆர்-ஃபோர்: பங்கு பிரிக்கும் பெரியவர்

ஜிஆர் யாரிஸின் சிஸ்டத்துக்குப் பெயர் 'ஜிஆர்-ஃபோர்'. பின் அச்சுக்கு முன்னால் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மல்ட்டி பிளேட் கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது. இதில் ஒரு குறும்பு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் கியர் விகிதத்தில் மிகச் சின்ன வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக இப்படிப்பட்ட கிளட்ச், பின்பக்கத்துக்குப் பாதிக்கு மேல் பவரைத் தள்ள முடியாமல் தடுமாறும். இந்தச் சின்ன வித்தியாசத்தால் அந்தத் தடை விலகுகிறது. கணக்குப்படி பவரை முழுக்க முன்னாலோ, முழுக்க பின்னாலோகூட அனுப்பலாம்.

முதல் மாடலில் டயலைத் திருப்பினால் மூன்று மோடுகள்:

- நார்மல் - முன்னால் 60, பின்னால் 40. தினசரி ஓட்டத்துக்கு.
- ஸ்போர்ட் - முன்னால் 30, பின்னால் 70. பின்பக்கம் தள்ளுகிற ஜாலி வேண்டும் என்பவர்களுக்கு.
- டிராக் - 50:50. நேரம் குறைக்க நினைப்பவர்களுக்கு.

2024-ல் இதை மாற்றினார்கள். நார்மல் அதே 60:40. 'கிராவல்' மோடில் 53:47. டிராக் மோடில் நிலையான கணக்கே இல்லை. பிரேக் போடுகிறீர்களா, திருப்புகிறீர்களா, மிதிக்கிறீர்களா என்று பார்த்து 60:40 முதல் 30:70 வரை கார் தானே மாற்றிக்கொள்ளும்.

முன்-பின் பங்கு ஓகே. இடது-வலது? சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு வீல் சேற்றில் சிக்கி வெறுமனே சுற்றினால், பவர் அந்த வீலிலேயே வீணாகும். நல்ல தரையில் இருக்கும் வீல் சும்மா நிற்கும். ஜிஆர் யாரிஸின் உயர் வேரியன்ட்டுகளில் முன்னும் பின்னும் 'டார்சன்' வகை டிஃபரன்ஷியல்கள் உண்டு. உள்ளே இருக்கும் திருகுப் பற்கள், ஒரு வீல் வழுக்க ஆரம்பித்ததுமே பிடிமானம் உள்ள வீலுக்கு அதிக பவரைத் தள்ளிவிடும். சென்சார் பார்த்து, கம்ப்யூட்டர் யோசித்து என்கிற தாமதமே இல்லை. பல்லோடு பல் உரசும் விசையே முடிவெடுத்துவிடும்.

அது ஏன் 3 சிலிண்டர்?

'3 சிலிண்டரா? வைப்ரேஷன் ஆகுமே?' என்று கேட்பீர்கள். ராலி2 பிரிவில் டர்போ எஞ்சினின் கொள்ளளவு 1,620 சிசி தாண்டக்கூடாது. ஜிஆர் யாரிஸ் எஞ்சின் 1,618 சிசி. கோட்டுக்கு ரெண்டு சிசி உள்ளே!

சிலிண்டர் குறைந்தால் எஞ்சின் சின்னதாகும், எடை குறையும், முன்பக்கம் கனக்காது. இன்னொரு லாபம் டர்போவுக்கு. 3 சிலிண்டரில் புகை வெளியேறும் துடிப்புகள் ஒன்றோடொன்று மோதாமல் சீராக வரும். டர்போ சீக்கிரம் சுற்றத் தொடங்கும். டர்போவின் தண்டும் பால் பேரிங்கில் சுழல்கிறது. விளைவு, மிதித்ததும் யோசிக்காமல் இழுக்கும் எஞ்சின்.

எடையைக் குறைக்க இன்னும் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். பானெட், கதவுகள், டிக்கி கதவு எல்லாம் அலுமினியம். கூரை கார்பன் ஃபைபர் கலவை. பேட்டரியை எஞ்சின் பக்கத்திலிருந்து தூக்கி டிக்கியில் வைத்துவிட்டார்கள், முன்பக்க பாரம் குறைய. காரின் அடித்தளத்தில் முன்பாதி சாதாரண யாரிஸிலிருந்து, பின்பாதி அதைவிடப் பெரிய கரோலா குடும்பத்திலிருந்து. பின்னால் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷனும், நான்கு வீல் டிரைவ் அமைப்பும் உட்கார இடம் வேண்டுமே!

கொண்டை ஊசி வளைவில் என்ன நடக்கும்?

மோன்டே கார்லோ ராலியில் 'கோல் டி டுரினி' என்ற பிரபலமான மலைப்பாதை உண்டு. அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒரு வளைவைக் கற்பனை பண்ணிக்கோங்க. நீங்கள்தான் டிரைவர்.

பிரேக்: நேராக இருக்கும்போதே பிரேக். முன்னால் 356 மி.மீ. டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிபர். சின்ன காருக்கு இது ரொம்பப் பெரிய பிரேக். எடை முன்னால் சாயும், முன் டயர்கள் தரையில் அழுந்தும்.

திருப்பம்: பிரேக்கை மெதுவாக விட்டபடி ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள். இப்போது இழுக்கும் செலவு இல்லை. முன் டயர்களின் 100 ரூபாயும் திரும்புவதற்கே. இந்த கார் டக்கென்று மூக்கைத் திருப்புவதற்கு, குறைந்த எடையும் கட்டுறுதியான பாடியும் காரணம்.

நடு வளைவு: சாதாரண ஹேட்ச்பேக்கில் இந்த இடத்தில் பொறுமையாகக் காத்திருக்கவேண்டும். இங்கே சீக்கிரமே ஆக்ஸிலரேட்டரைத் தொடலாம். பவர் பின்பக்கம் அதிகம் போகும்போது, கார் பின்னாலிருந்து தள்ளப்பட்டு வளைவின் உள்பக்கம் திரும்ப உதவி கிடைக்கும்.

வெளியேற்றம்: ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டே முழுசா மிதிக்கலாம். 300 பிஎஸ் பவரை ரெண்டு டயர் மட்டும் வாங்கினால் புகைதான் வரும். நான்கு வாங்கும்போது கார் கிளம்பும்!

ஓட்டிப் பார்த்த மோட்டார் பத்திரிகையாளர்கள் பலரும் பாராட்டிய விஷயம், இதன் உச்ச வேகத்தை அல்ல. மழை, குளிர், மோசமான ரோடு எதுவானாலும் கார் கொடுக்கிற நம்பிக்கையைத்தான். காரின் எல்லை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற சுபாவம்.

ஹேண்ட்பிரேக்கிலும் ஒரு ராலி ரகசியம் இருக்கிறது. பட்டன் இல்லை, கையால் இழுக்கும் பழைய பாணி லீவர்தான். ஓடும்போது இழுத்தால், பின் அச்சுக்குப் போகும் பவர் தானாகத் துண்டிக்கப்படும். பின் வீல்கள் மட்டும் பூட்டிக்கொண்டு கார் சட்டென்று திரும்பும். ராலி டிரைவர்கள் குறுகிய வளைவில் செய்கிற வித்தை இது. மூடிய டிராக்குக்கு மட்டும்!

ஆட்டோமேட்டிக்கும் வந்தாச்சு

2024-ல் வந்த 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கைப் பார்த்து, 'ராலி காருக்கு ஆட்டோமேட்டிக்கா?' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. டொயோட்டாவின் வாதம், கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் மோட்டார் ஸ்போர்ட்ஸ் சொந்தமில்லை என்பது. இந்த கியர்பாக்ஸை ஜப்பானின் ரேஸ்களிலும் ராலிகளிலும் ஓடவிட்டுத்தான் செதுக்கினார்கள். கார் வேகம் குறைந்த பிறகு கியர் மாற்றுவதல்ல இதன் வேலை. டிரைவர் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் எப்படி மிதிக்கிறார் என்பதை வைத்தே, அடுத்து என்ன கியர் தேவைப்படும் என்று முன்கூட்டி முடிவு செய்யும்.

அதே அப்டேட்டில் உள்ளேயும் மாற்றங்கள். முதல் மாடலில் சீட் ரொம்ப உயரம் என்று புகார் வந்தது. 25 மி.மீ. இறக்கினார்கள். டேஷ்போர்டின் மேல்பகுதியை 50 மி.மீ. தாழ்த்தி, திரையையும் பட்டன்களையும் டிரைவர் பக்கம் 15 டிகிரி திருப்பிவைத்தார்கள். பாடியில் வெல்டிங் புள்ளிகள் சுமார் 13 சதவிகிதம் கூடின. ஒட்டும் பசை பயன்படுத்திய இடங்கள் சுமார் 24 சதவிகிதம் கூடின. முன் சஸ்பென்ஷனை பாடியோடு சேர்க்கும் இடத்தில் ஒரு போல்ட் மூன்றானது. போஸ்டரில் போடுகிற சமாச்சாரம் இல்லைதான். ஆனால், ஸ்டீயரிங் துல்லியமாக இருப்பது இந்த மாதிரி வேலைகளால்தான்.

கன்வேயர் இல்லாத தொழிற்சாலை

உலகத்துக்கே 'டொயோட்டா முறை' உற்பத்தியைக் கற்றுக்கொடுத்த கம்பெனி. நகரும் கன்வேயரில் வரிசையாக கார்களைச் செய்வதில் கில்லாடிகள். ஜிஆர் யாரிஸுக்காக ஜப்பானின் மோட்டோமாச்சி ஆலையில் கன்வேயரே இல்லாத தனிப் பகுதியை அமைத்தார்கள். தானியங்கி வண்டிகள் காரைச் சுமந்துகொண்டு ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அனுபவசாலிகளான தொழிலாளர்கள் பாகங்களை அளந்து, ஒன்றுக்கொன்று பொருத்தமானவற்றைச் சேர்த்துப் பூட்டுவார்கள்.

இதில் ஒரு சோகமும் உண்டு. இந்த காரை அடிப்படையாக வைத்து 2021 சீஸனுக்கான ராலி காரைக் கொண்டுவரும் திட்டம் இருந்தது. கொரோனா வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. 2022-ல் விதிகளே மாறின. 'ஜிஆர் யாரிஸ் ராலி1' ஹைபிரிட் கார் வந்தது. ஆனால் அது குழாய்ச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட தனி ஜாதி. பெயரும் தோற்றமும் மட்டும்தான் ஒன்று. அந்த காரில்தான் கல்லே ரோவன்பெரா, 22 வயதில் உலக சாம்பியன் ஆகி வரலாற்றில் மிக இளையவர் என்ற பெயர் எடுத்தார்.

எந்த ரேஸுக்காகப் பிறந்ததோ, அந்த ரேஸே இல்லாமல்போன கார் இது. ஆனாலும் விற்றது, கொண்டாடப்பட்டது. கடைசியில் 2024-ல் 'ஜிஆர் யாரிஸ் ராலி2' களமிறங்கியபோது, ஷோரூம் காரின் 3 சிலிண்டர் எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட எஞ்சினோடுதான் வந்தது. லேட்டானாலும் வந்து சேர்ந்துவிட்டது.

குறையே இல்லையா?

நிறைய உண்டு. டிக்கி 174 லிட்டர்தான். வீக் எண்ட் டிரிப்புக்கு ரெண்டு பைகளோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தால் சாபம்தான் விடுவார்கள். கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் தலை இடிக்கும். சஸ்பென்ஷன் கெட்டி, குண்டும் குழியும் முதுகுக்குத் தெரியும். எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் காட்டுவதும் பலருக்குப் பிடிக்கவில்லை. வேலைக்குப் போக, குடும்பத்தோடு வெளியே போக என்று பார்த்தால், கிளான்ஸாவே எவ்வளவோ மேல்.

ஆல் வீல் டிரைவ் செய்யாத வேலை

இதுதான் முக்கியமான பகுதி. ஸ்கிப் பண்ணாம படிங்க.

'நாலு வீலும் பிடிக்குது, அதனால மழையில வேகமா போகலாம்' என்பது ஆபத்தான தப்புக் கணக்கு. ஆல் வீல் டிரைவ் என்பது பவரை நான்கு வீலுக்கும் கொடுப்பது. பிரேக் எல்லா கார்களிலும் ஏற்கெனவே நான்கு வீலிலும் இருக்கிறது! அதனால் பிரேக் போடும்போது ஆல் வீல் டிரைவ் காருக்கு எந்தத் தனிச் சலுகையும் கிடையாது. பழைய உதாரணப்படி, டயரின் பர்ஸில் 100 ரூபாய்தான். ஈர ரோட்டில் அதுவே 60 ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், எந்த சிஸ்டத்தாலும் அதை 61 ஆக்க முடியாது.

இன்னும் சொல்லப்போனால், இதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண காரில் ஈர ரோட்டில் மிதித்தால் வீல் சுற்றும். 'ரோடு வழுக்குதுடா' என்ற எச்சரிக்கை அது. ஆல் வீல் டிரைவ் கார் அந்த எச்சரிக்கையைத் தராமல் சமர்த்தாக வேகமெடுத்துவிடும். வழுக்கல் உங்களுக்குத் தெரியவருவது பிரேக்கை மிதிக்கும்போதுதான். அப்போது வேகம் ஏற்கெனவே கூடியிருக்கும்.

வேகம் கூடக்கூட, நிற்கத் தேவையான தூரம் அதைவிட வேகமாகக் கூடும். பிரேக் பிடித்த பிறகு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 20 மீட்டர் ஆகிறது என்றால், 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க சுமார் 36 மீட்டர் ஆகும். ஜிஆர் யாரிஸானாலும் சரி, ஜிம்னியானாலும் சரி, இயற்பியல் ஆள் பார்க்காது.

ஆகவே, உங்கள் பட்ஜெட்டில் ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கினாலும், முதலில் கவனிக்கவேண்டியது டயரை. தேய்ந்த டயரோடு இருக்கும் ஆல் வீல் டிரைவைவிட, நல்ல டயரோடு இருக்கும் சாதாரண கார் மழையில் பாதுகாப்பாக நிற்கும். இன்னொன்று, நான்கு டயர்களும் ஒரே சைஸ், கிட்டத்தட்ட ஒரே தேய்மானத்தில் இருக்கவேண்டும். ரெண்டை மட்டும் புதுசாக மாற்றினால், முன்னும் பின்னும் சுற்றும் வேகம் வித்தியாசப்படும். நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகும். மாற்றுவதற்கு முன் உங்கள் காரின் கையேட்டில் எவ்வளவு வித்தியாசம் அனுமதி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

யாருக்கான கார்?

2020-ல் ஜப்பானில் இதன் ஆர்இஸட் வேரியன்ட்டின் விலை 39.6 லட்சம் யென். அங்கேயே சின்ன காருக்கு இது பெரிய விலை. இங்கே தனியாக இறக்குமதி செய்தால், வரி சேர்ந்து விலை எங்கேயோ போய்விடும்.

ஆனால் இந்த கார் சாதித்த விஷயத்தைப் பார்க்க அதை வாங்கவேண்டும் என்று இல்லை. 500 பிஎஸ், 600 பிஎஸ் என்று நம்பர்களோடு கார்கள் வருகிற காலம் இது. அவற்றுக்கு நடுவே, நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஒரு 3 சிலிண்டர் ஹேட்ச்பேக்கைக் கொண்டாடுகிறார்கள். காரணம், அதைச் செய்தவர்கள் பவரைக் கூட்டுவதற்கு முன்னால் எடையைக் குறைத்தார்கள். அப்புறம், கிடைத்த பவரை நான்கு டயர்களுக்கும் நியாயமாகப் பங்கு பிரித்தார்கள். அடுத்த முறை எந்த ஷோரூமில் 'ஆல் வீல் டிரைவ் சார்!' என்று சொன்னாலும், பவர் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இந்த மூன்றைக் கேளுங்கள். பின்பக்கத்துக்கு எவ்வளவு பவர் போகும்? எப்போது போகும்? டயர் என்ன போட்டிருக்கீங்க?